பழைய எம்எக்ஸ்-5க்கு பாலி புஷ்: எங்கே போடலாம், எங்கே வேண்டாம்?

2 மார்ச் 2024, வாசகர் கேள்வி

அண்ணா, 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 எடுத்திருக்கிறேன். சஸ்பென்ஷன் புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளை) எல்லாம் ஃபேக்டரியில் போட்டது, ரப்பரில் வெடிப்பு தெரிகிறது. வாரநாளில் வேலைக்கு இதே கார்தான். நடுவில் பிராண்ட்ஸ் ஹாட்ச், லிடன் ஹில் ரேஸ் டிராக்குகளில் சொந்தக் காரை ஓட்டும் டிராக் டே. கேட்ட எல்லாரும் "கறுப்பு பாலி (பாலியூரித்தேன் புஷ்) போடு, ரப்பர் எல்லாம் ஷாப்பிங் போகிறவர்களுக்கு" என்கிறார்கள். அதுதான் சரியா?

2 மார்ச், இரவு

கறுப்பு போடு என்றவர்களின் கார் டிராக்குக்கு எப்படி வருகிறது என்று முதலில் கேளுங்கள். டிரெய்லரில் வந்து டிரெய்லரில் திரும்பும் காருக்கு அவர்கள் சொல்வது சரி. நீங்கள் லண்டனைச் சுற்றும் எம்25 மோட்டார்வேயில் தினமும் அதன் மேல் உட்கார்ந்து போகப் போகிறீர்கள்.

இன்னொன்று. உங்களிடம் இருப்பது முப்பது வருடத்துக்கு மேல் உப்பு ரோட்டில் ஓடிய ரப்பர். அதைக் கழற்றிவிட்டுப் புது பாலி போட்டால் கார் வேறு காராகத் தெரியத்தான் செய்யும். புது ரப்பர் போட்டாலும் தெரியும். "பாலி போட்டேன், ஸ்டியரிங் கத்தி மாதிரி ஆகிவிட்டது" என்பவர்களில் பெரும்பாலானோர் பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்கிறார்கள். புது ரப்பரோடு ஒப்பிட்டவர் அபூர்வம்.

3 மார்ச்

தூங்கி எழுந்து யோசித்ததில், நேற்று பாதிதான் சொன்னேன் என்று தோன்றியது. புஷ் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து வந்தால்தான் கறுப்பா வேறு நிறமா என்ற கேள்விக்கு அர்த்தம் வரும்.

ஃபேக்டரி ரப்பர் புஷ்ஷில் நடுவில் ஒரு இரும்பு ஸ்லீவ், அதாவது குழாய். ரப்பர் அதோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கும். போல்ட்டை முறுக்கியதும் ஸ்லீவ் சப்ஃபிரேமோடு (சஸ்பென்ஷன் மாட்டும் இரும்புச் சட்டம்) சேர்ந்து அசையாமல் நின்றுவிடும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம் மேலும் கீழும் போகும்போது அங்கே எதுவும் வழுக்குவதில்லை. ரப்பர் முறுகுகிறது, விட்டதும் திரும்பி வருகிறது. அதாவது ஒவ்வொரு புஷ்ஷும் ஒரு குட்டி ஸ்பிரிங். அதனால்தான் ரப்பர் போட்டால் கார் நான்கு சக்கரத்தில் நிற்கிற உயரத்தில் வைத்துத்தான் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். ஜாக்கில் தொங்கவிட்டு முறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். காரைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் போட்டுவிட்டு இந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி முறுக்காத கார்கள் எத்தனை ஓடுகின்றனவோ!

பாலி அப்படி இல்லை. பாலி ஆர்மில் உட்காரும், நடுவில் ஸ்லீவ் தனியாக இருக்கும், இரண்டுக்கும் நடுவில் கிரீஸ். ஆர்ம் ஆடும்போது பாலி ஸ்லீவின் மேல் வழுக்கிச் சுற்றுகிறது. முறுகல் கிடையாது, எந்த உயரத்தில் முறுக்கினாலும் ஒன்றுதான். குட்டி ஸ்பிரிங் போய்விட்டதால் ஸ்பிரிங்கும் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) மட்டும் வேலை செய்யும், டேம்பரில் செய்யும் மாற்றம் தெளிவாகத் தெரியும்.

ஆனால் ஒரு நிபந்தனை. சுற்றுவது ஒரே அச்சில்தான் இருக்க வேண்டும். ரப்பர் எந்தப் பக்கம் இழுத்தாலும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பாலி கோணலாக இழுத்தால் கடித்துப் பிடித்துக்கொள்ளும். எம்எக்ஸ்-5 நான்கு மூலையிலும் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம். உள்பக்க புஷ்கள் ஜோடி ஜோடியாக ஒரே கோட்டில் இருப்பதால் ஆர்ம் கதவுக் கீல் மாதிரி ஆடுகிறது. அதனால்தான் இந்தக் காரில் பாலி ஒத்துவருகிறது. பாலி நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த புஷ், அது எப்படி ஆட வேண்டும் என்று ஒவ்வொன்றாகத்தான் கேட்க வேண்டும்.

3 மார்ச், மாலை

ஈ36 பிஎம்டபிள்யூ வைத்திருக்கும் நண்பர் தனிச் செய்தியில் சண்டைக்கு வந்தார். "நான் பின் டிரெய்லிங் ஆர்மில் (சக்கரத்தை முன்னாலிருந்து பிடிக்கும் ஆர்ம்) பாலி போட்டுத்தான் ஓட்டுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறது."

இருக்கலாம். ஆனால் அந்த ஆர்ம் மேல் கீழ் மட்டும் போவதில்லை. சக்கரம் ஏறும்போது பக்கவாட்டு லிங்குகள் அதைத் தங்கள் வட்டத்தில் இழுக்கின்றன, அதனால் முன்னாலிருக்கும் அந்த ஒரே புஷ் இரண்டு திசையிலும் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே கெட்டி பாலி போட்டால் சஸ்பென்ஷன் பாதியில் இறுகும். ரோட்டில் தெரியாது. பம்ப் இருக்கும் கார்னரில், பாரம் ஏறும்போது தெரியும். அந்த இடத்துக்குப் புது ரப்பரும், பக்கவாட்டு அசைவைக் குறைக்க இரண்டு பக்கமும் லிமிட்டர் வாஷரும் போடுகிறவர்கள்தான் விஷயம் தெரிந்தவர்கள் என்பேன். முழு டிராக் கார் என்றால் ஸ்ஃபெரிக்கல் பேரிங், எல்லாத் திசையிலும் சாயும் உருண்டை மூட்டு.

பழைய மஸ்டாங்கில் பின் ஆக்ஸிலின் மேல் ஆர்ம்களுக்கும் இதே கதைதான்.

6 மார்ச்

நிறத்துக்கு வருவோம். கறுப்பு, ஊதா என்று எல்லாரும் பேசுவது பவர்ஃப்ளெக்ஸ் கணக்கு. அவர்களிடம் ஊதா ரோட்டுக்கு, கறுப்பு டிராக்குக்கு. கறுப்பு, ஷோர் ஏ என்ற கெட்டித்தன்மை அளவில் 95. வேறு கம்பெனியின் கறுப்பு வேறு கெட்டியாக இருக்கலாம். அமெரிக்காவின் எனர்ஜி சஸ்பென்ஷன் கறுப்பும் சிவப்பும் விற்கிறது, அங்கே நிறத்துக்கும் கெட்டிக்கும் சம்பந்தமில்லை. சிவப்பு பொடிப்பொடியான கிராஃபைட் இல்லாதது, கறுப்பில் அது கலந்திருக்கிறது, வித்தியாசம் அவ்வளவே. ஆகவே நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

எண்ணும் முழுக் கதை சொல்லாது. ஷோர் எண் என்பது பொருளின் மேற்பரப்பில் ஊசி எவ்வளவு இறங்குகிறது என்ற அளவு. புஷ் எவ்வளவு இறுக்கம் என்பது சுவரின் தடிமனையும் பொறுத்தது. தடிமனான 80, மெல்லிய 70-ஐவிட மெத்தென்று இருக்கக்கூடும். ரப்பரில் ஓட்டை விட்டு வார்த்திருந்தால் அது ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று இருக்கும், அதை எந்த எண்ணும் காட்டாது.

9 மார்ச்

கேள்வி கேட்ட தம்பி கிட் விலை, ஷிப்பிங் எல்லாம் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். அதில் போல்ட் இல்லை. தம்பி, இந்த வேலையில் புஷ் சின்னச் செலவு. நாள் முழுக்கச் சாப்பிடப் போவது போல்ட்தான்.

எம்எக்ஸ்-5இல் லோயர் ஆர்மின் உள் போல்ட்டுகள் எக்சென்ட்ரிக். தலையோடு ஒரு வட்டத் தகடு, மையம் தள்ளி இருக்கும். அதைத் திருப்பித்தான் முன்னால் கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) கேஸ்டரும் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு), பின்னால் கேம்பரும் டோவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்) வைப்பது. வருடக்கணக்கில் யாரும் திருப்பாத காரில் அந்தப் போல்ட் ஸ்லீவுக்குள் துருவால் ஒட்டிப்போயிருக்கும். நட்டு கழன்றுவிடும், சந்தோஷமாக இருக்கும். தலையில் பாரைப் போட்டுத் திருப்பினால் அதுவும் சுற்றும். ஆனால் கூர்ந்து பார்த்தால் போல்ட்டோடு ஸ்லீவும் சேர்ந்து சுற்றுவது தெரியும். ரப்பர்தான் முறுகுகிறது. கையை எடுத்தால் போல்ட் மெதுவாகப் பழைய இடத்துக்குத் திரும்பி வரும். அந்தத் திரும்பி வருதலைப் பார்த்துவிட்டால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ரம்பத்தை எடுங்கள்.

பவர் ரம்பத்தில் நீளமான பை-மெட்டல் பிளேடு. ஆர்முக்கும் சப்ஃபிரேம் காதுக்கும் நடுவில் ரப்பரின் விளிம்பு தெரியும் இடைவெளியில் நுழைத்து, ஸ்லீவையும் போல்ட்டையும் சேர்த்து அறுக்க வேண்டும். இரண்டு பக்கமும். சப்ஃபிரேம் காதில் பிளேடு உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆர்ம் போனால் வாங்கலாம். ரப்பர் கருகும் நாற்றம் உடையில் தங்கும்.

பின்னால் இன்னொரு வில்லன்: சக்கரத்தைத் தாங்கும் அப்ரைட்டின் அடியில் குறுக்கே போகும் நீள போல்ட். எம்எக்ஸ்-5 வைத்திருக்கும் எந்த ஊர்க்காரரைக் கேட்டாலும் அந்தப் போல்ட்டைப் பற்றி ஒரு கதை இருக்கும், பெரும்பாலும் பிரசுரிக்க முடியாத மொழியில்.

புது எக்சென்ட்ரிக் போல்ட் செட்டை வேலை தொடங்கும் முன்பே வாங்கி வையுங்கள். கழற்றும் முன் தகட்டின் கோடு எங்கே நிற்கிறது என்று பெயின்ட் பேனாவில் குறித்துக்கொள்ளுங்கள், அலைன்மென்ட் கடை வரையாவது கார் நேராகப் போகும். புது போல்ட் போடும்போது வழுவழுப்பான தண்டில் மட்டும் ஆன்டி-சீஸ் (துருவால் ஒட்டாமல் தடுக்கும் பசை) பூசுங்கள். மரையில் பூசினால் அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) போல்ட் அதிகமாக இறுகும்.

9 மார்ச், பின்குறிப்பு

பழைய ரப்பரை எரித்து எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். எடுக்கலாம் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். அந்தப் புகையை நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் சுவாசிக்க வேண்டாம். ஹைட்ராலிக் பிரஸ், இல்லையென்றால் நீள திரெட் ராடும் பெரிய சாக்கெட்டுகளும் போதும்.

17 மார்ச்

கோவையிலிருந்து ஒருவர். மாருதி எஸ்டீம் வைத்திருக்கிறார், செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்ட ஆசை. ரெடிமேட் கிட் கிடைக்கவில்லை, "பாலியூரித்தேன் ராடு வாங்கி லேத்தில் கடைந்து போடலாமா?"

கோவையில் இதைக் கேட்பதே வேடிக்கை, தெருவுக்கு ஒரு லேத் இருக்கும் ஊர். லாரி லீஃப் ஸ்பிரிங்குக்கு பாலி புஷ் போடுவது நம் ஊரில் பழகிய விஷயம்தான். கடைவது கஷ்டமில்லை, கூரான டூல் வேண்டும், மெதுவாகப் போக வேண்டும், இல்லையென்றால் பாலி வெட்டுப்படாமல் வளைந்து தள்ளிக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியது இரண்டு. ராடு வாங்கும்போது அது பாலியெஸ்டர் வகையா பாலிஈதர் வகையா என்று கேளுங்கள். பாலியெஸ்டர் வகை உரசலுக்கும் எண்ணெய்க்கும் நன்றாகத் தாங்கும், ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் தண்ணீரே அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடும். பத்து வருடப் பழைய புஷ் கையில் எடுத்ததும் கடலை மிட்டாய் மாதிரி உடைந்து உதிர்வதைச் சிலர் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் காரணம் இதுதான். அடியில் மழைத்தண்ணீர் அடிக்கும் இடத்துக்கு பாலிஈதர்தான்.

இரண்டாவது, ஸ்லீவின் நீளம். ஸ்லீவ் பாலியைவிட இம்மியளவு நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் போல்ட் இறுகும்போது இரும்பு இரும்பைப் பிடிக்கும், பாலி சுதந்திரமாகச் சுற்றும். ஸ்லீவ் குட்டையாக இருந்தால் போல்ட் பாலியையே நசுக்கிப் பிடிக்கும், ஆர்ம் நகராது.

18 மார்ச்

நேற்று சொன்னதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு, எந்தக் காருக்கும். ஸ்பிரிங்கும் டேம்பரும் மாட்டும் முன், ஆர்மை மட்டும் மாட்டி போல்ட்டை முழு டார்க்கில் முறுக்குங்கள். ஆர்மைக் கையால் மேலே தூக்கி விடுங்கள். பாலி சரியாக இருந்தால் ஆர்ம் தன் எடையிலேயே மெதுவாக இறங்கும். விட்ட இடத்திலேயே நின்றால் எங்கோ கடிக்கிறது: ஸ்லீவ் குட்டை, அல்லது காது வளைந்திருக்கிறது, அல்லது பழைய ரப்பரின் மிச்சம் உள்ளே இருக்கிறது. இதைத் தாண்டி ஸ்பிரிங்கை மாட்டிவிட்டால் பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

24 மார்ச்

கீச் சத்தம் பற்றி மூன்று பேர் தனித்தனியாக.

கிரீஸ் போனதால்தான் கீச். கிட்டோடு வரும் பசை மாதிரியான கிரீஸ்தான் வேண்டும், சிலிக்கான் அல்லது பிடிஎஃப்இ (டெஃப்ளான்) வகை. பேரிங்குக்குப் போடும் சாதாரணக் கிரீஸ் சீக்கிரம் கழுவிக்கொண்டு போய்விடும். முதலில் கத்துவது எப்போதும் முன் ஆன்டி ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) புஷ்தான், அது திறந்த வெளியில் தண்ணீர் வாங்கும் இடம். கழற்ற இரண்டு போல்ட், துடைத்துக் கிரீஸ் வைத்து மாட்டினால் அமைதி. விஷ்போன் புஷ் கத்தினால் அந்த அதிர்ஷ்டம் கிடையாது, பாதி சஸ்பென்ஷனைக் கழற்ற வேண்டும். சிலர் ஆர்மில் துளை போட்டு கிரீஸ் நிப்பிள் வைக்கிறார்கள். லோயர் ஆர்மில் துளை போட எனக்கு மனது வரவில்லை.

சத்தம் வரும் காரை அலுவலக பார்க்கிங்கில் வேகத்தடை மேல் ஏற்றிப் பாருங்கள். அடுத்த வாரமே ரப்பரின் அருமை தெரியும்.

7 ஏப்ரல்

இப்போது தம்பியின் கேள்விக்கு என் பதிலைத் தெளிவாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் முதல் குறிப்பைப் படித்தவர்கள் நான் ரப்பர் கட்சி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

முதலில் என் மனதில் இருந்தது: எல்லா இடத்திலும் புது ரப்பர், ஆன்டி ரோல் பாருக்கு மட்டும் பாலி. கார் புதுசாக இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படி இருக்கும், அது ஒன்றும் மோசமான காரில்லை. ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, சஸ்பென்ஷன் வடிவம் அருமை.

லிடன் ஹில்லில் ஓட்டிவிட்டு வந்தபின் கொஞ்சம் மாறியிருக்கிறேன். அங்கே லேப் ஒரு மைல்தான், ஆனால் மேடு பள்ளம் அதிகம். புது ரப்பர் போட்ட ஒரு எம்எக்ஸ்-5, பிடிப்பான டிராக் டயரோடு வந்திருந்தது. சாதாரண டயரில் தெரியாத ஒன்று அதில் தெரிந்தது: பிரேக்கை அழுத்திக்கொண்டே திருப்பும்போது பின்பக்கம் ஒரு கணம் தயங்கிவிட்டு உட்கார்ந்தது. டயர் இழுக்கும் இழுப்பில் ரப்பர் அமுங்குகிறது, சக்கரத்தின் டோ கொஞ்சம் மாறுகிறது, அப்புறம் நிலைக்கிறது. ஓட்டுநர் அதற்குப் பழகிக்கொள்ளலாம். ஆனால் பிராண்ட்ஸ் ஹாட்ச் பேடாக் ஹில் வளைவில் கார் சரிவில் விழும் நேரத்தில் அந்தத் தயக்கத்தை நான் விரும்ப மாட்டேன்.

ஆகவே இப்போதைய பதில். ரோட்டு டயரோடு டிராக் போகிறவர் என்றால் முழுக்கப் புது ரப்பர். டிராக் டயர் வைத்திருக்கிறார், அல்லது வைக்கப் போகிறார் என்றால் ரோட்டு ரக பாலி, உள்பக்க விஷ்போன் புஷ் எல்லாவற்றிலும். 95 கறுப்பு தினசரிக் காருக்கு வேண்டாம்: லண்டன் ரோட்டின் ஒவ்வொரு ஒட்டும் முதுகுத்தண்டுக்குத் தந்தி அடிக்கும், லேப் நேரத்தில் நீங்களும் நானும் அதற்கான பலனைக் காணப்போவதில்லை.

வலது இடது கலக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முன் பாலி, பின் ரப்பர் என்று பாதியாக நிறுத்தாதீர்கள் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பக்கம் உடனே திரும்பும், பின்பக்கம் தாமதமாகத் தொடரும். அந்த இடைவெளி ரப்பரைவிட மோசம்.

8 ஏப்ரல்

"டெல்ரின் ஏன் சொல்லவில்லை?" சொல்லலாம், அது ஒரு பிளாஸ்டிக். பாலியைவிட மிகக் கெட்டி, ஆனால் உரசல் குறைவு, ஆர்ம் சுலபமாக ஆடும். டிராக்குக்கு நல்லது. அதிர்ச்சியை எதுவும் விழுங்காது. டிரெய்லர்காரர்களுக்கு.

28 ஏப்ரல்

தம்பி ரோட்டு ரக பாலி போட்டு முடித்துவிட்டார். படம் அனுப்பியிருக்கிறார், பின் நீள போல்ட் இரண்டு துண்டாக. அலைன்மென்ட் எவ்வளவு வைப்பது என்கிறார்.

அந்தக் காருக்குப் பலரும் தொடங்கும் இடம்: முன் கேம்பர் மைனஸ் ஒரு டிகிரியிலிருந்து ஒன்றரைக்குள், பின்னால் அதைவிட இம்மி கூட, முன் டோ பூஜ்யம், பின்னால் கொஞ்சம் டோ-இன். கேஸ்டரை இரண்டு பக்கமும் சமமாக, கேம்பர் இடம் கொடுக்கும் அளவுக்கு அதிகமாக. ஓட்டுநர் எடை காரில் இருக்கும்போது வைக்கச் சொல்லுங்கள். இவ்வளவு லேசான காரில் எழுபது கிலோ ஒரு பக்கம் உட்கார்ந்தால் அளவு மாறும். கடைக்காரர் முறைத்தால் வேறு கடை.

இதையெல்லாம் செய்ய முடிகிறதே, அதற்குக் காரணம் புது எக்சென்ட்ரிக் போல்ட்டுகள். புஷ் மாற்றியதால் கிடைத்தது என்று நினைக்கும் பாதி மாற்றம் உண்மையில் அலைன்மென்ட் மாற்றம்தான் என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

1 மே

பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிஃபரென்ஷியலின் மவுண்ட்டையும் பாலி ஆக்கலாமா என்று தம்பி கேட்டிருக்கிறார், கை அரிப்பு நிற்கவில்லை. 115 குதிரைச் சக்தி காருக்கு அது தேவையில்லை. பல்சக்கர ஊளை மோட்டார்வேயில் துணிக் கூரையை மூடியபின் காதுக்குள்ளேயே கேட்கும். அங்கே கிழியாத ரப்பர் இருந்தால் போதும், அந்தக் காசுக்கு பிரேக் ஃப்ளூயிட் மாற்றுங்கள், அடுத்த டிராக் டேக்கு முன்பே.